டிக்கெட்டை நம்பிப் பாடியவர்கள்

1885ஆம் ஆண்டு மலாயாவில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூன் மாதம் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு நாட்டின் முதல் ரயில் ஓடியது. அதே ஆண்டு பினாங்கின் ஜார்ஜ் டவுனில் மாமாக் புஷி என்ற பணக்காரர் ஒரு நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். அதன் பெயர் புஷி இந்திரா பங்சாவான். ரயில் பள்ளிப் பாடத்தில் ஏறிவிட்டது. மாமாக் புஷி யாரென்று இன்று ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில் நின்று கேட்டால் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர் நாசிக் கண்டார் சோற்றுக்கடை நடத்தியிருந்தாலாவது பெயர் நின்றிருக்கும்.

அவர் தொடங்கி வைத்த பங்சாவான் என்ற பாட்டு நாடகத்தை ஆங்கிலேயர் 'மலாய் ஓபரா' என்றார்கள். கம்பெனிக்காரர்களுக்கும் அந்தப் பெயர் பிடித்துப் போனது. டீன்ஸ் ஓபரா, நூரான் ஓபரா, சிட்டி ஓபரா, ஸ்டார் ஓபரா என்று வரிசையாகப் பலகை மாட்டினார்கள். பெயர்தான் ஓபரா. மிலான் நகரத்து லா ஸ்காலாவைப் போலப் பளிங்குப் படிக்கட்டும் சரவிளக்கும் கொண்ட மாளிகை எதுவும் இவர்களுக்கு இல்லை. எஸ்பிளனேட் திடலைப் பார்த்தபடி 1880இல் எழுந்த டவுன் ஹால் வெள்ளைக்காரர்களின் நடனத்துக்கும் விருந்துக்கும் ஆனது. பங்சாவானுக்குக் கூடாரமும் தகரக் கொட்டகையும், பிறகு பொழுதுபோக்குப் பூங்காக்களின் மரமேடையும்தான். அந்த மேடைகளில் ஏறி அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடிப் பிழைத்த ஆண்களையும் பெண்களையும் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவர்களை வாழவைத்தது எது, கைவிட்டது எது என்று பார்த்தால், இரண்டும் ஒன்றாகவே இருப்பது தெரிகிறது.

பம்பாயிலிருந்து வந்த மெட்டு

கதை பம்பாயில் தொடங்குகிறது. அங்கே 1850களில் பார்சிச் சமூகத்தார் நாடகத் தொழிலில் இறங்கினார்கள். லண்டன் அரங்குகளைப் பார்த்துக் கட்டிய மேடை, வர்ணம் தீட்டிய சீன் திரைகள், பாரசீகக் காதல் கதைகள், ஹிந்துஸ்தானி மெட்டுகள், தரையைப் பிளந்துகொண்டு எழும் பூதம் என்று எல்லாம் கலந்த கலவை அது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் பெருகியதும் பார்சிக் கம்பெனிகள் இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டன. பினாங்குக்கு அவை வந்தது 1870களில்.

அவர்கள் பேசியதும் பாடியதும் ஹிந்துஸ்தானி. ஜார்ஜ் டவுனில் அது புரிந்தவர்கள் கொஞ்சம். புரியவில்லையே என்று யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இந்திர சபையும் குல் பகாவலியும் லைலா மஜ்னுவும் மெட்டாலேயே நின்றன. உள்ளூர் இளைஞர்கள் அந்த மெட்டுகளுக்கு மலாய்ச் சொற்களைப் போட்டுத் தெருவில் பாட ஆரம்பித்தார்கள். பிறகு ஒரு பார்சிக் கம்பெனி கலைந்தபோது அதன் சீன்களையும் உடைகளையும் மாமாக் புஷி விலைக்கு வாங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கதாநாயகன் வேடம் அவருடைய மருமகன் பாய் காசிமுக்கு.

புஷி பாரசீக வழி வந்தவர் என்று எழுதியவர்கள் உண்டு. ஜாவி பெக்கான் என்று எழுதியவர்களும் உண்டு. எப்படியானாலும் அந்தக் கலைக்குக் கை கொடுத்தது ஜாவி பெக்கான் சமூகம்தான். தகப்பன் வழி தமிழ் முஸ்லிம் உள்ளிட்ட இந்திய முஸ்லிம். தாய் வழி மலாய். வீட்டில் மலாய், கடையில் தமிழ், பள்ளிவாசலில் அரபி, அரசுக் கச்சேரியில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவர்கள். மலாய் மொழியின் முதல் செய்தித்தாளான 'ஜாவி பெரானக்கான்' 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்ததும் இவர்கள் கையால்தான். நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழை நடத்திய காலமும் இதே 1880கள். சிங்கப்பூர்ச் செய்தித்தாள் நீங்கலாக, ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றி ஒரு கூப்பிடு தூரத்துக்குள் இத்தனையும் நடந்திருக்கின்றன. வெறும் மிளகு, பாக்கு வியாபாரிகள் என்று நாம் எழுதி முடித்துவிடும் ஒரு கூட்டத்துக்கு அச்சகமும் நாடகமும் கையில் இருந்தன.

பங்சாவானின் பழைய புகைப்படங்களைப் பார்க்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு எல்லாம் தெரிந்த முகமாகவே இருக்கும். சரிகை வைத்த வெல்வெட் சட்டை, அட்டைக் கிரீடம், பின்னால் தூணும் வளைவுமாகத் தீட்டிய அரண்மனை. காரணம் எளிது. பினாங்கில் கரையேறிய அதே பார்சி அலைதான் தஞ்சாவூரிலும் மதுரையிலும் அடித்தது. நம் நாடகமேடையில் 'பார்சி மெட்டு' என்று ஒரு பாட்டு வகையே உருவானது. நம்மிடம் ராஜபார்ட் என்றால் அங்கே ஓராங் மூடா. நம்மிடம் ஸ்திரீபார்ட் என்றால் அங்கே ஸ்ரீ பங்கோங். பபூன் இரண்டிலும் உண்டு, ஆர்மோனியமும் உண்டு. வங்கக் கடலின் மேற்குக் கரையில் கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் எப்படி வளர்ந்தார்களோ, அப்படித்தான் கிழக்குக் கரையில் பங்சாவான் பாடகர்களும் வளர்ந்தார்கள்.

வாரத்துக்கு ஐந்து தேசம்

பங்சாவானுக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. அன்றைக்கு என்ன கதை, யாருக்கு என்ன வேடம், எந்த இடத்தில் யார் அழ வேண்டும், எங்கே சண்டை என்பதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். மிச்சத்தை மேடையில் ஏறி அவரவர் பேசிக்கொள்ள வேண்டும். வசனம் தடுமாறினால் வாய்ச் சாமர்த்தியத்தால் தப்பித்துவிடலாம். பாட்டில் அப்படித் தப்ப முடியாது.

பாட்டிலும் ஒருவகை தெரிந்தால் போதாது. ஒரு வாரத்தில் திங்கட்கிழமை மலாய் வீரன் ஹங் துவா, செவ்வாய் லைலா மஜ்னு, புதன் ஹாம்லெட், வியாழன் சாம் பெக் – எங் தாய் என்ற சீனக் காதல் கதை, வெள்ளி ஜாவாவின் ஞாய் தாசிமா என்று போட்டால், அந்த ஐந்துக்கும் ஐந்து விதமான பாட்டு வேண்டும். மலாய் சோகத்துக்கு மெதுவாக இழைந்து இழைந்து போகும் 'அஸ்லி'. குதூகலத்துக்கு ஜோகெட். அரபுக் கதைக்கு மஸ்ரி. இந்திர சபைக்கு ஹிந்துஸ்தானி மெட்டு. ஷேக்ஸ்பியர் கதை என்றால் வால்ட்ஸ்; 1920களுக்குப் பிறகு ஃபாக்ஸ்ட்ராட், டாங்கோ, ரும்பா. பக்கவாத்தியமும் அதற்கேற்ப மாறியது. ஆர்மோனியமும் தபலாவும் இருந்த இடத்தில் வயலின், பியானோ, ட்ரம்பெட், சாக்ஸபோன் வந்து உட்கார்ந்தன. ரெபானா மேளம் மட்டும் இடம் விடவில்லை.

இத்தாலிய ஓபராவில் சொப்ரானோ, மெட்ஸோ, டெனர், பாரிடோன் என்று குரல் வாரியாகப் பாத்திரம் பிரித்துவிடுவார்கள். மொஸார்ட் பாடி வளர்ந்த மென்குரல் வாக்னரைத் தொடத் தயங்கும். தொட்டால் குரல் போய்விடும் என்று ஆசிரியரே தடுப்பார். பினாங்குப் பாடகிக்கு அந்தத் தயக்கத்துக்கெல்லாம் இடம் இல்லை. எந்தத் தேசத்துக் கதையோ அந்தத் தேசத்துக் குரல். அதுவும் மைக் இல்லாமல். தகரக் கூரையில் பினாங்கு மழை விழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, அதன் அடியில் நின்று கடைசி வரிசை மூன்றாம் வகுப்புக்காரருக்குக் கேட்கும்படி பாடுவது என்ன வேலை என்று புரியும். அந்தப் பினாங்குப் பாடகியை ஐரோப்பியப் பாடகியோடு ஒப்பிட்டுக் குறைத்துப் பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

இதற்கெல்லாம் இசைப்பள்ளி ஏது? கம்பெனிதான் பள்ளி. நடிகர்களின் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் வளர்ந்தார்கள். முதலில் ஆட்டக்காரர்களில் ஒருவராக நிற்பது. பிறகு அரண்மனைத் தோழிகளில் ஒருத்தி. பிறகு ஒருநாள் 'எக்ஸ்ட்ரா டர்ன்' கிடைக்கும். அங்கேதான் வாழ்க்கை திரும்பும்.

எக்ஸ்ட்ரா டர்ன் என்பது காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் வருவது. அரண்மனை முடிந்து காடு வரவேண்டும் என்றால் பின்னால் ஆட்கள் சீனை மாற்ற நேரம் வேண்டும். அதுவரை முன்னால் தெருவைத் தீட்டிய திரையை இறக்கிவிட்டு, அதன் முன் ஒருவரை நிறுத்திப் பாடவிடுவார்கள், ஆடவிடுவார்கள், பபூன்கள் சிரிப்புக் காட்டுவார்கள். கதைக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. மஜ்னு பாலைவனத்தில் உயிரை விட்டுக்கொண்டிருக்கும்போது இங்கே ஒருத்தி ஃபாக்ஸ்ட்ராட் பாடுவாள். விமர்சகர்களுக்கு எரிச்சலூட்டும் இந்த இடம்தான் கூட்டத்துக்குப் பிடித்த இடம். முதலாளி ஒரு புதுக்குரலைச் சோதிப்பதும் இங்கேதான். கைதட்டல் பலமாக இருந்தால் அடுத்த மாதம் இரண்டாம் கதாநாயகி. அதற்குப் பிறகு, அதிர்ஷ்டமும் இருந்தால், ஸ்ரீ பங்கோங்.

கம்பெனி ஓர் ஊரில் கூட்டம் குறையும்வரை இருக்கும். குறைந்ததும் மூட்டை கட்டும். ஈயத்துக்காகப் போட்ட ரயில் பாதை நாடகத்துக்கும் பாதை ஆனது. தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் என்று சீன் திரைகளைச் சுருட்டி ரயிலில் ஏற்றிப் போனார்கள். கடல் தாண்டினால் சுமத்ராவின் மேடான். அங்கே புகையிலைத் தோட்டப் பணம். ஈயச் சுரங்கத்துச் சீனக் கூலியும், தோட்டத்துத் தமிழரும், மலாய் அரசாங்க குமாஸ்தாவும், யூரேசிய ஆசிரியரும் ஒரே கொட்டகையில் வெவ்வேறு வகுப்பு டிக்கெட்டில் உட்கார்ந்தார்கள். பெண்களுக்குத் தனி இடம் இருந்தது. அன்றைய மலாயாவில் எல்லா இனமும் ஒன்றாகக் கூடிய இடங்கள் மிகக் குறைவு.

மிஸ் என்ற பட்டம்

தொடக்க காலத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள், பார்சி மேடையைப் போலவே. பெண்கள் வந்து சேர்ந்த பிறகு கம்பெனியின் கணக்கே அவர்கள் பெயரில்தான் நடந்தது. நோட்டீசில் கதையின் பெயரைவிட ஸ்ரீ பங்கோங்கின் பெயர் பெரிதாக இருக்கும். போட்டிக் கம்பெனி கூடுதல் சம்பளம் காட்டி அவரைக் கொத்திக்கொண்டு போவதும் நடக்கும். ஒரு கதாநாயகி போனால் ஒரு கம்பெனியே படுத்துவிடும்.

பக்கத்து ஜாவாவில் இது நீதிமன்றம்வரை போனது. 1925இல் பத்தாவியாவில் தொடங்கிய ஓரியன் குழுவின் நட்சத்திரம் மிஸ் ரிபுட். அடுத்த ஆண்டே தார்தனெல்லா என்ற போட்டிக் குழு முளைத்தது. அதிலும் ரிபுட் என்ற பெயரில் ஒரு நடிகை. இருவரும் ஒரே பெயரில் விளம்பரம் செய்ய, ஓரியன் வழக்குப் போட்டு ஜெயித்தது. மற்றவர் 'மிஸ் ரிபுட் இரண்டு' ஆனார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பாடகிக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு சொத்து கிடையாது. அதே தார்தனெல்லாவின் தேவி ஜா 1930களில் மலாயா, பர்மா, இந்தியா என்று சுற்றி, கடைசியில் அமெரிக்கா போய் ஹாலிவுட் பக்கம் குடியேறிவிட்டார். மேடைக்காரிக்குத் திரும்பி வர ஓர் ஊர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கைதட்டியவர்களே வீட்டில் மகள்களை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் விடவில்லை. பங்சாவான் ஒழுக்கத்தைக் கெடுக்கிறது, இளைஞர்கள் பணத்தைத் தொலைக்கிறார்கள் என்று மலாய்ப் பத்திரிகைகள் கண்டித்தன. நம் ஊரிலும் 'கூத்தாடி' என்றுதான் சொன்னோம். கொழும்பு மேடையில் சேர்ந்து பாடிய அந்த இரண்டு குரலையும் தமிழுலகம் தலையில் வைத்துக் கொண்டாடிய பிறகும், சுந்தராம்பாள் கிட்டப்பாவோடு வாழக் கிடைத்த காலம் சொற்பம். கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். இரண்டு ஆண்டு கழித்து நந்தனார் படத்துக்குச் சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்தார்கள். மேடை சேர்த்து வைத்த பெயருக்குச் சினிமா கொடுத்த விலை அது. பங்சாவான் பாடகிகளில் அப்படி ஒரு விலை யாருக்கும் வாய்க்கவில்லை. மலாய்ப் பட உலகத்தின் சந்தை சின்னது. மொழியின் அளவுக்குத்தான் பணமும்.

மூன்று நிமிடத் தட்டு

1902 ஏப்ரலில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் மிலான் நகரத்து ஓட்டல் அறையில் என்ரிகோ கரூசோ என்ற இளம் டெனரைப் பத்துப் பாட்டுப் பாடவைத்துப் பதிவு செய்தார். ஓபரா உலகத்தின் தலையெழுத்தை மாற்றிய தட்டுகள் அவை. அதே ஆண்டு நவம்பரில் அவர் கல்கத்தாவில் இருந்தார். தவாயிஃப் மரபுப் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அங்கிருந்து ஜப்பான், சீனா என்று சுற்றி 1903 மே மாதம் சிங்கப்பூரில் இறங்கினார். மலாய்ப் பாட்டுகள் மெழுகில் ஏறின. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த வரிசை இது. லா ஸ்காலா டெனர், கல்கத்தாவின் தவாயிஃப், நீரிணைக் குடியேற்றத்துப் பாடகர்கள் என்று எல்லோரையும் ஒரே ஆள் ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் ஒரே கருவியின் முன்னால் நிறுத்தியிருக்கிறார்.

பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். ஓர் இரவு முழுதும் ஓடும் லைலா மஜ்னு அதற்குள் அடங்காது. எக்ஸ்ட்ரா டர்ன் பாட்டு கச்சிதமாக அடங்கும். 1920களிலும் 30களிலும் பங்சாவான் பாடகர்களின் தட்டுகள் ஏராளமாக வந்தபோது, தெருத்திரைக்கு முன்னால் நின்று பாடிய பாட்டு கதையை விட்டுப் பிரிந்து வீட்டுக்கு வந்துவிட்டது. பாடகருக்கு இதில் லாபம். கம்பெனிக்கு? தட்டில் கேட்டுவிட்டு, நேரில் பார்க்கும் ஆசையில் வந்தவர்கள் உண்டு. தட்டே போதும் என்று வராமல் இருந்தவர்களை யாரும் எண்ணவில்லை.

மெட்டுகள் எங்கெல்லாம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பேராக் மாநிலத்துக் கீதத்தின் மெட்டை ஒரு பங்சாவான் குழு சிங்கப்பூர் மேடையில் பாட, அது 'தெராங் புலான்' என்ற காதல் பாட்டாகப் பட்டிதொட்டியெல்லாம் பரவியது என்று சொல்வார்கள். 1957இல் சுதந்திரம் வந்தபோது அதே மெட்டு 'நெகாராகூ' ஆனது. இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அசையாமல் நின்று பாடுவது, ஒரு காலத்தில் இந்த மேடையைத் தொட்டுவிட்டு வந்த மெட்டைத்தான்.

மலாய் சினிமா 1934இல் வந்தது. சிங்கப்பூரில் எடுத்த 'லைலா மஜ்னு'வை பி.எஸ்.ராஜ்ஹன்ஸ் இயக்கினார், நடித்தவர்கள் பங்சாவான்காரர்கள். கதையும் மேடைக் கதை, பாட்டும் மேடைப் பாட்டு. பிறகு ஜப்பானியர் ஆண்ட காலம். எதிரி நாட்டுப் படங்கள் தடையானதால் நாடகக் கொட்டகைகளுக்குக் கூட்டம் வந்தது. பிரசாரத்துக்கும் கம்பெனிகளைப் பயன்படுத்தினார்கள். அது கடைசி ஏற்றம்.

1947க்குப் பிறகு ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ மும்முரமாகப் படம் எடுக்கத் தொடங்கியதும் மேடை நடிகர்கள் சாரிசாரியாகச் சிங்கப்பூருக்குப் போனார்கள். ஆனால் சினிமாவில் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையதாக இருக்கலாம். பாடவும் நடிக்கவும் ஆடவும் தெரிந்த ஒரே ஆள் என்பதுதான் பங்சாவான் கலைஞருக்கு இருந்த மதிப்பு. பின்னணிப் பாடல் வந்ததும் அந்த மதிப்பு இரண்டாகப் பிளந்தது. நல்ல முகம் இருந்தவர்கள் நடித்தார்கள். நல்ல குரல் இருந்தவர்கள் வானொலிக்கும் ஒலிப்பதிவுக்கும் போனார்கள். இரண்டும் ஓரளவுக்கு மட்டும் இருந்தவர்கள்தான் கம்பெனியில் பெரும்பாலோர். அவர்களுக்குப் போக இடமில்லை.

முகத்தையும் குரலையும் மறுபடி ஒன்றுசேர்த்தவர் ஒரு பினாங்குக்காரர். கவுண்டர் ஹாலில் 1929 மார்ச் 22 அன்று பிறந்த பி.ரம்லி. அவர் பங்சாவான் கம்பெனியில் வளர்ந்தவரல்லர். கெரொஞ்சோங் இசைக்குழுக்களிலும் வானொலிப் போட்டிகளிலும் பாடி வந்தவர். 1947இல் வட மலாயாவின் சிறந்த பாடகர் என்ற பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்தவர், அதே ராஜ்ஹன்ஸ். ரம்லியைக் கதாநாயகன் ஆக்கிய 'பக்தி' படத்தை இயக்கியவர் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல்.கிருஷ்ணன். பார்சி மெட்டும் அஸ்லியும் ரும்பாவும் ஒரே தொண்டையில் ஓடிய பாணி பி.ரம்லிக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்பவர்கள், அவர் சிறுவனாக இருந்தபோது ஊரில் இரவுதோறும் என்ன ஒலித்துக்கொண்டிருந்தது என்று பார்த்தால் போதும்.

காசு கொடுத்தது யார்?

சுவாத்தோ லேனில் நியூ வோர்ல்ட் பார்க் இருந்த இடத்தில் இப்போது சாப்பாட்டுக் கடைகள். ஐஸ் கச்சாங் சாப்பிட வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். 1930களில் இது போன்ற பூங்காக்களில்தான் பங்சாவான், ரோங்கெங் ஆட்டம், குத்துச்சண்டை, சினிமா எல்லாம் ஒரே மதிலுக்குள் நடந்தன. தொலைக்காட்சி வந்தது, பூங்காக்கள் ஓய்ந்தன, கம்பெனிகளும் முடிந்தன. வழக்கமாக இப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. தொலைக்காட்சி சீனருக்கும் வந்தது, தமிழ்நாட்டுக்கும் வந்தது.

ஜார்ஜ் டவுனில் சீன ஏழாம் மாதம் வந்து பாருங்கள். பசித்த ஆவிகளின் மாதம். தெருவுக்குத் தெரு பந்தல். கோ-தாய் என்ற சினிமாப் பாட்டுக் கச்சேரிகள் பெருகிவிட்டன என்பது உண்மை. என்றாலும் ஹொக்கியன், தியோச்யூ ஓபரா மேடைகள் இன்னும் எழுகின்றன, தாய்லாந்திலிருந்து குழுக்களை வரவழைத்தாவது நடத்துகிறார்கள். ஆர்மேனியன் தெருவில் தியோச்யூ பொம்மலாட்டத்துக்கும் ஓபராவுக்கும் ஒரு காட்சியகமே திறந்தார்கள். தெருமேடையைப் பார்க்க வருபவர்கள் சிலர்தான். பாடுபவர் கவலைப்படுவதில்லை. ஆவிகளுக்கும் தெய்வத்துக்கும் நேர்ந்த ஆட்டம் அது. காசு தெருக்கமிட்டி கொடுத்துவிட்டது.

மதுரையிலும் புதுக்கோட்டையிலும் ஸ்பெஷல் நாடகக்காரர்களின் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன. ராஜபார்ட்டைத் தனியாக, ஸ்திரீபார்ட்டைத் தனியாக, ஆர்மோனியத்தைத் தனியாக 'புக்' பண்ணி, ஒத்திகை இல்லாமல் திருவிழா மேடையில் சந்திக்கும் அந்த ஏற்பாடு சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த கதைகளின் பலத்தில் ஓடுகிறது. அங்கேயும் டிக்கெட் கிடையாது. அம்மனுக்கு ஊர் வரி வசூலித்து வள்ளி திருமணம் போடுகிறார்கள். தூங்கி வழியும் கூட்டத்துக்கு முன்னாலும் பாடகருக்குச் சம்பளம் உண்டு.

பங்சாவானுக்கு அப்படி ஒரு சாமி இல்லை. மதத்தோடு ஒட்டாத கலையாக அது பிறந்தது. யாருக்கும் நேர்ந்ததில்லை, எந்த மாதத்துக்கும் உரியதில்லை. அரசகுடும்பத்தார் சிலர் ஆதரித்ததுண்டு. ஆனால் தினப்படி அரிசி வாங்கியது டிக்கெட் பணத்தில்தான். அந்தச் சுதந்திரம்தான் அதற்கு ஹாம்லெட்டையும் இந்திர சபையையும் ஒரே வாரத்தில் போடும் துணிச்சலைக் கொடுத்தது. எந்த இனத்தாரும் கூசாமல் உள்ளே வரமுடிந்ததற்கும் அதுதான் காரணம். டிக்கெட் வாங்குபவர் சினிமாக் கொட்டகைப் பக்கம் திரும்பிய அன்று, பிடித்துக்கொள்ள வேறு கை எதுவும் இல்லை. ஐரோப்பிய ஓபராவும் டிக்கெட்டை மட்டும் நம்பினால் நாளைக்கே கதவைச் சாத்த வேண்டியதுதான். ஜெர்மனியில் நகராட்சிகளும் மாநில அரசுகளும் மானியம் கொடுத்து ஓபரா அரங்குகளை நடத்துகின்றன. பாடகர்கள் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள்.

மலேசிய அரசும் கை கொடுக்க வந்தது, கொஞ்சம் தாமதமாக. 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்த பிறகு பங்சாவானைத் தேடிப் பிடித்துத் தூசு தட்டினார்கள். கோலாலம்பூரின் இஸ்தானா புடாயா மேடையில் பெரும் பொருட்செலவில் பங்சாவான் போடுகிறார்கள். கலைக்கழகத்தில் பாடமாகவும் வைத்திருக்கிறார்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தான் சூய் பெங் 1993இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சுட்டுகிறது: புதுமையாகவும் கலப்பாகவும் வியாபாரமாகவும் இருந்த ஒன்றை, மீட்டெடுத்தபோது பாரம்பரிய மலாய் நாடகம் என்று ஆக்கிவிட்டார்கள். சீனக் கதையும் ஹிந்துஸ்தானி மெட்டும் மெல்ல ஒதுங்கின; மலாக்கா அரசவைக் கதைகள் நடுவில் வந்து உட்கார்ந்தன. சூலியா தெருவின் வாடை போய்விட்டது.

நிதி ஒதுக்கீடு வந்ததில் எனக்குக் குறை இல்லை. வராமல் இருந்தால் இன்று பெயரும் மிஞ்சியிருக்காது. குறை வேறு. ஒரு தயாரிப்பு சில இரவுகள் நடக்கும். பிறகு அந்தக் குரல்கள் கலைந்துவிடும். எக்ஸ்ட்ரா டர்னில் தொடங்கி ஸ்ரீ பங்கோங் வரை ஏற ஒரு பெண்ணுக்கு ஆயிரம் இரவுகளாவது வேண்டியிருந்தது. விழா மேடையில் ஆயிரம் இரவுகள் சேர ஒரு வாழ்நாள் போதாது. நல்ல குரல் உள்ள பினாங்குப் பிள்ளை இன்று கல்யாண வீட்டிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் பாடுகிறது, பள்ளியில் இசை ஆசிரியராகிறது, அல்லது கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பஸ் ஏறுகிறது.

2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் ஜார்ஜ் டவுனுக்குப் பணமும் கூட்டமும் வந்திருக்கின்றன. 2010 முதல் ஆண்டுக்கொரு கலைவிழா நடக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் 2011இல் நிகழ்கலை மையம் திறந்தது. இந்த மேடைகளில் ஏதாவது ஒன்றில், சுற்றுலாக்காரரும் உள்ளூர்க்காரரும் பத்து வெள்ளிக்கு டிக்கெட் எடுத்துப் பார்க்கும்படி, வாரம் மூன்று இரவு, ஆண்டு முழுதும், எல்லாத் தேசத்துக் கதையோடும் ஒரு சின்ன பங்சாவான் கம்பெனி நடத்திப் பார்க்கலாம். நஷ்டம் வரும், அந்த நஷ்டத்தை மாநிலம் ஏற்கலாம், தெருக்கமிட்டி ஆவிகளுக்காக ஏற்கிறதே, அதுபோல. இப்போதைக்கு ஊரில் பங்சாவான் போடும்போதெல்லாம் நோட்டீசில் 'அனுமதி இலவசம்' என்று அச்சடித்துவிடுகிறார்கள். மாமாக் புஷி அதைப் பார்த்தால் முதலில் கேட்பது, பாடுகிற பெண்ணுக்கு நாளைக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்றுதான்.